ஒல்லி ஸ்கேனரும் என் கழுத்தும்

எதையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டில் என்ன சிந்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "உன்ன போலீசு வேலைக்கு அனுப்பியிருக்கணும்டீ" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட நான் ஸ்கேனர் வாங்கியதும் சந்தேகத்தால்தான்.

பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. வேலைக்கு விண்ணப்பம் போட சர்டிபிகேட்டையும் போட்டோவையும் அங்கேதான் கொண்டுபோய் ஸ்கேன் செய்வேன். ஒரு நாள் சென்டர்காரர், "ஃபைல் இங்கயே இருக்கட்டும்மா, அடுத்த தடவ வந்தா ஈசியா இருக்கும்" என்றார். நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் என் முகம் முன்பின் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டரில் குடியிருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து வேறு உடம்போடு ஒட்டிவிட்டார்களாம் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, அழித்ததைத் திரும்பவும் தேடிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த சம்பளம் வந்ததும் நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ஸ்கேனரைக் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்ததைப் பார்த்தபோது ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். அவ்வளவு ஒல்லி. இரண்டு பரீட்சை அட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் என்ன தடிமன் இருக்குமோ, அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எங்கள் ஆபீசில் இருந்த ஸ்கேனரோ ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும்.

"உள்ள ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்குது மேடம். கரண்ட்டுக்குத் தனியா பிளக் கூட வேணாம், கம்ப்யூட்டர்லருந்தே எடுத்துக்கும்."

பிளக் வேண்டாம் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. கடையிலேயே மாட்டச் சொல்லி, என் பஸ் பாஸை வைத்து ஸ்கேன் செய்து, எழுத்தெல்லாம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

மூலக்குளத்தில் எங்களுடையது சின்ன வீடு. நானும் அம்மாவும் மட்டும். அப்பா மில் தொழிலாளி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அம்மா சேதராப்பட்டில் ஷாம்பூ பாக்கெட் போடும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். எனக்கு டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதன் பக்கத்தில் ஸ்கேனரை வைத்தேன்.

மூடியைத் திறந்தால் ஒரு கண்ணாடி. அதன் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. வைக்கிற தாளையோ போட்டோவையோ அந்த மூலையோடு ஒட்டி வைக்க வேண்டும். மூடினால் உள்ளே ஒரு வெளிச்சக் கோடு முனகிக்கொண்டே நகரும். பாதி வழியில் ஒரு இடத்தில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கடைக்காரரைத் திட்டுவேன். ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. விஷயம் தெருவில் பரவி, மார்க் ஷீட்டும் ரேஷன் கார்டுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "உன் கம்ப்யூட்டர்ல நிக்காதில்ல?" என்று கேட்டு, நான் அழிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். சென்டர்காரரை நான் படுத்திய பாட்டை அவர்கள் என்னைப் படுத்தினார்கள்.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. டவுனில் நடந்த ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்த ஒரு பெண்மணி வீடு தேடி வந்தார். அவருடைய அக்காள் குடும்பம் பிரான்சில் இருந்தது. அக்காள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். அவர்கள் மகனுக்குத்தான் பெண் தேடினார்கள்.

பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறவனுக்கு மூலக்குளத்தில் எதற்குப் பெண்? அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா? குடிப்பானா? உடம்புக்கு ஏதாவதா? நான் கேள்விமேல் கேள்வியாக அடுக்கினேன். சந்தேகம் அந்தப் பக்கமும் இருந்தது. "பாஸ்போர்ட்டுக்காகக் கழுத்த நீட்டற பொண்ணுங்கள பாத்து பாத்து அக்காவுக்கு பயம்மா" என்று மாப்பிள்ளையின் சித்தியான அந்தப் பெண்மணியே வெளிப்படையாகச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு முறை போனில் பேசினார். அவசரமில்லாத குரல். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காமல், என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், எனக்கு ஆசை வந்துவிட்டது. அம்மாவோ கம்பெனி வேனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு நல்ல இடம் அமைந்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லாத நாட்கள் அவை.

போட்டோவை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். ஸ்டுடியோவில் எடுத்த, கழுத்தில் மெல்லிய செயின் மட்டும் போட்டிருந்த படத்தை ஸ்கேன் செய்தேன். என் பழைய மானிட்டரில் எல்லா முகமும் புகை போட்ட மாதிரிதான் தெரியும். நான் உற்றுப் பார்க்கவும் இல்லை. தன் முகத்தையே யார் அவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? பென் டிரைவில் எடுத்துப்போய் சென்டரிலிருந்து அனுப்பிவிட்டு, அங்கே தடயம் இல்லாமல் அழித்துவிட்டும் வந்தேன்.

சில நாள் கழித்துச் சித்தி வந்தார். எப்போதும் பூவோடு வருகிறவர் அன்று வெறுங்கையோடு வந்தார். அம்மா கொடுத்த காப்பிக்குப் பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி" சொல்லி வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. பாப்பாவுக்குக் கழுத்துல, காதுக்குக் கீழ, வெள்ளையா ஒரு எடம் தெரியுதாம் படத்துல. பொறவியிலயே இருக்குதா, இப்ப வந்துதான்னு கேக்கறாங்க."

"என் கழுத்துல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அன்னைக்குக் கல்யாணத்துல நக போட்டிருந்தீயா, நானும் சரியா கவனிக்கல" என்றார். நகை போட்டிருந்ததே மறைப்பதற்குத்தான் என்பது போல இருந்தது அந்தப் பேச்சு. கழுத்தைக் காட்டட்டுமா என்று கேட்டால் அதுவும் குற்றவாளி பேசுகிற மாதிரி ஆகிவிடும். வெண்புள்ளியே இருந்தால்தான் என்ன, அதோடு வாழ்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்கும் துணிச்சல் அன்று எனக்கு வரவில்லை.

அவர் வாசல் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் கூட்டிப்போனாள். துப்பட்டாவை எடுத்தாள். முடியை ஒதுக்கி, வெளிச்சத்துக்கு என் தலையைத் திருப்பி, காதுக்குக் கீழே பார்த்தாள். கட்டைவிரலால் எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தாள்.

தலைக்கு ஊற்றி, எண்ணெய் தேய்த்து, எனக்கு நினைவு தெரியாத காலத்திலிருந்து அந்தக் கழுத்தைப் பார்த்தவள் அவள். "ஒண்ணும் இல்ல" என்று நான் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஊரிலுள்ள எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு, என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எரிந்தது. அவள் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் ஸ்டுடியோக்காரரைச் சந்தேகப்பட்டேன்; டச்சப் செய்கிறேன் என்று எதையாவது தடவியிருப்பார். போட்டோவை எடுத்து வெயிலில் பார்த்தேன். கழுத்து பளிச்சென்று இருந்தது. அடுத்து அந்தச் சித்தியைச் சந்தேகப்பட்டேன். வேறு நல்ல இடம் வந்திருக்கும், கழற்றிவிட இது ஒரு சாக்கு. அனுப்பிய படத்தை ஆபீசுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த நல்ல மானிட்டரில் திறந்தேன். இருந்தது. இடது காதுக்குக் கீழே, ஓரம் கலைந்து, வெளிறிய ஒரு திட்டு. எனக்கே ஒரு கணம் கை கழுத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அதே போட்டோவை மறுபடி ஸ்கேன் செய்து எடுத்துப்போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் அதே திட்டு. அடுத்து, போட்டோவைத் தலைகீழாக வைத்து எடுத்தேன். திட்டு கழுத்தை விட்டுவிட்டுப் புடவைக் கொசுவத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் கோளாறு என்னிடமும் இல்லை, போட்டோவிலும் இல்லை. கண்ணாடியில்தான்.

கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலும் வெள்ளைத் தாளாகவே ஸ்கேன் செய்துகொண்டிருந்ததால் இத்தனை நாள் படத்திலும் தெரிந்திருக்காது. அம்புக்குறிக்குச் சற்றுக் கீழே நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் மெல்லிய மாவு ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

அம்மா கம்பெனியிலிருந்து வந்ததும் விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் முகம் மாறியது.

"ஆயுத பூஜ அன்னைக்கு வச்சேன்டீ" என்றாள்.

"மூடி மேல வைக்க வேண்டியதுதான? கண்ணாடியிலயா வைப்ப?"

"கம்பெனியில நாங்க எந்த எடத்துல மிஷின் வேல செய்யுதோ அங்கதான பொட்டு வைப்போம். இதுக்கு உள்ளதான வேல நடக்குது. அம்பு போட்டிருந்த பக்கம்தான் தல போலன்னு அங்க வச்சேன். நீ பாத்தா கத்துவேன்னு மறுநாளே முந்தானையால தொடச்சிட்டேன். போயிடுச்சின்னுதான் நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. சமையலறைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "எங்கையாலயே பண்ணிட்டேனா" என்று ஒருமுறை சொன்னாள். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

நான் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்து, திரும்பவும் ஸ்கேன் செய்து, நடந்ததை விவரமாக எழுதி புதுப் படத்தோடு அனுப்பினேன். விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அந்த நிம்மதி வந்திருக்கவே கூடாது.

சித்தி மறுபடி வந்தார். இந்த முறை கொஞ்சம் பூ இருந்தது.

"புது படத்த பாத்தாங்க. கழுத்து சுத்தமாதான் இருக்குது. ஆனா மொதல்ல இருந்துது, இப்ப இல்லன்னா என்னா அர்த்தம்னு அக்கா கேக்குது. கம்ப்யூட்டர்ல எத வேணா அழிக்கலாமாமே."

நான் ஸ்கேனரை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, சந்தனம் இருந்த இடத்தைக் காட்டினேன். துடைத்துப் பளபளவென்று இருந்த கண்ணாடியில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நான் நம்பறேம்மா. ஆனா அவுங்களுக்கு நான் பதில் சொல்லணுமில்ல? எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. அவுங்க ஒரு தடவ உடம்பு முழுக்க பாத்து சொல்லிட்டா போதும். தை மாசமே கல்யாணத்த வச்சிக்கலாம்."

உடம்பு முழுக்க என்றதும் எனக்கு முகம் சூடானது. ஆனாலும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த அவசரமில்லாத குரல் எனக்கு வேண்டியிருந்தது. அம்மா எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு அரைமணி நேரக் கூச்சம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"வேணாங்க்கா" என்றாள் அம்மா.

சித்தி புரியாமல் பார்த்தார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு நீங்க சொல்லிட்டுப் போனதும் இவள ஜன்னல்கிட்ட நிக்க வச்சி நான் பாத்தேன். பெத்தவ நானு. ஒண்ணும் இல்லன்னு எம்பொண்ணு சொல்றா, அத வுட்டுட்டு ஒரு படம் சொல்றத நம்பி எச்சி தொட்டுத் தேச்சிப் பாத்தேன். எனக்கே அப்டி புத்தி போச்சின்னா, நீங்கள்லாம் இவள நேத்து பாத்தவங்க. டாக்டர் இல்லன்னு சொன்னாலும் உங்க வூட்ல தெனம் காலையில யாராவது ஒருத்தர் இவ கழுத்த பாப்பீங்க. அங்க போயி இவ யார்கிட்ட சொல்லுவா?"

சித்தி எழுந்தார். கொண்டுவந்த பூவை என்ன செய்வது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "தப்பு பண்ணிட்டேனாடீ?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. போனில் பேசிய அந்த மனிதரை நினைத்து வந்ததா, அம்மாவை நினைத்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கை என் கழுத்தில்தான் இருந்தது. கண் அங்கே போகவில்லை.