விரலில் குத்த விடாத அம்மா

வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வந்தது. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வாயருகே கொண்டு போனேன், குமட்டியது. "இந்தக் கெழங்கு எவளுக்குத்தான் கொமட்டல? தின்னுடி" என்றாள் அம்மா. ஜப்பான்காரன் காலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரிசி கண்ணில் படுவதே அரிது. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மத்தியானத்துக்குள் வலி இடம் மாறியது. வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வலது காலை நீட்ட முடியாமல் மடக்கிக்கொண்டு லயத்து வீட்டுத் (தோட்டக் கூலிகளின் வரிசை வீடு) தரையில் கிடந்தேன். இருமினால் உயிர் போனது. வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. உங்கள் பிள்ளைக்கு வலி இப்படி இடம் மாறினால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இதற்குக் குடல்வால் அழற்சி என்று பெயர் (பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சிறு குழாய் வீங்கிச் சீழ் பிடிப்பது). அன்று தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா, வயிற்றுவலி என்றால் பூச்சி. வேறொரு நோய்க்கு எங்களிடம் இடமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் அது உடைந்துவிடக்கூடும். நான் அவள் புடவையிலேயே வாந்தி எடுத்தேன். அவளுக்குக் கோபம். எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் தோட்டத்து டிரெசர் வந்தார் (ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவர்). வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போன பிறகு எங்களுக்கு டாக்டரும் அவர்தான். வயிற்றை அமுக்கினார், கையை வெடுக்கென்று எடுத்தார். நான் அலறினேன்.

"ரத்தம் எடுக்கணும்" என்றார். "விரல்ல குத்தி ஒரு சொட்டு. வெள்ளையணுவ எண்ணிப் பாக்கணும். மலேரியாவா, உள்ள சீழ் பிடிக்குதான்னு அப்பத்தான் ஓரளவுக்குத் தெரியும். சீழ்னா கூலிம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

அம்மா என் கையைப் பிடித்துத் தன் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், எல்லைக்கு அப்பால் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்தார்கள். ஆபீஸ் வாசலில் ஆம்பளைகளை வரிசையாக நிறுத்தி, மலேரியா இருக்கிறதா என்று பார்க்க விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். குத்தியவர் இதே டிரெசர், இதே ஊசி. குத்துப் பட்டவர்கள் அடுத்த வாரமே லோரியில் ஏறினார்கள். அதுவரை திரும்பி வந்தவர் யாருமில்லை. அதிலிருந்து எங்கள் லயத்தில், விரலில் ரத்தம் எடுத்தால் சயாம் என்பதே கணக்கு. அப்பா அன்று வரிசைக்குப் போகாமல் காட்டோரம் மறைந்துகொண்டார். அதன் பிறகு பகலில் வீட்டுக்கு வருவதே இல்லை, இரவில் எப்போதாவது வருவார்.

"பொட்டப்புள்ளய எதுக்குய்யா குத்துறீங்க? இவ ரத்தத்தக் காட்டி இவங்கப்பன் எங்கன்னு கேப்பானுங்க. என்னைய முட்டாள்னு நெனச்சீங்களா?"

"அது வேற, இது வேற, பொம்பள."

"எல்லாம் ஒரே ஊசிதானே?"

டிரெசர் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். மலேரியாவில் வெள்ளையணுக்கள் (கிருமிகளோடு சண்டை போடும் இரத்த அணுக்கள்) பெரும்பாலும் ஏறுவதில்லை, சீழ் பிடித்தால் ஏறும், அதற்குத்தான் இந்தச் சொட்டு, யாருடைய பெயரும் எங்கும் போகாது என்று சொல்லியிருக்கலாம். அம்மா ஒப்புக்கொண்டிருப்பாளா? தெரியாது. ஆனால் சொல்லியிருக்கலாம். ஜப்பான்காரனுக்கு முன்னால் குனிந்து குனிந்து இடுப்பு வளைந்த மனுஷருக்கு, கூலிக்காரியின் முன்னால் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. "ஒம் புள்ள, ஒன் இஷ்டம்லா" என்று பெட்டியை மூடிக்கொண்டு போனார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், விபூதி பூசினாள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மறுநாள் வலி இன்னும் கூடியது. அதற்கும் மறுநாள் காலையில், ஒரே நொடியில், வலி நின்றது.

"ஆத்தா காப்பாத்திட்டா" என்று அம்மா அழுதாள். நானும் சிரித்தேன். அதைவிடக் கேவலமான சிரிப்பு என் வாழ்க்கையில் இல்லை. குடல்வால் உடைந்துவிட்டது, அதுதான் வலி நின்றதற்குக் காரணம். இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மறக்க வேண்டாம்: கடுமையான வலி திடீரென்று நின்றால், சாமிக்கு நன்றி சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானத்துக்குள் வயிறு பலகையாகிவிட்டது. உதடு வெடித்தது. நான் ஏதேதோ பேசினேனாம். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் காட்டோரம் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, லயத்துக்குள் நடந்து வந்தார். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத் தூக்கி மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு செம்மண் சடக்கில் (சாலையில்) கிளம்பினார். வண்டி குலுங்கும்போதெல்லாம், "இந்தா வந்திருச்சு, இந்தா வந்திருச்சு" என்றார். எதுவும் வந்திருக்கவில்லை, கூலிம் தூரத்தில் இருந்தது.

கூலிம் ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். என் விரலில் குத்தினார்கள். அவ்வளவுதானா என்று இருந்தது. எறும்பு கடித்தால்கூட அதைவிட வலிக்கும்.

டாக்டர் வந்து அப்பாவிடம், "வெள்ளையணு ரொம்ப ஏறியிருக்கு. ஆனா இப்ப அத எண்ணித் தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, வயித்தத் தொட்டாலே தெரியுது. ஆரம்பத்துல எண்ணியிருந்தா பிரயோஜனம்" என்றார்.

"தோட்டத்துல எண்ணல, ஐயா" என்றார் அப்பா. ஏன் எண்ணவில்லை என்று சொல்லவில்லை.

அறுத்துச் சீழை எடுத்தார்கள். பக்கவாட்டில் ரப்பர் குழாய் ஒன்றை வைத்து, மிச்சம் அதன் வழியாக வடிய விட்டார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு. கட்டுத் துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டினார்கள். என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அப்பா மட்டும் முகத்தைத் திருப்பாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

காய்ச்சல் இறங்கிய காலையில் டாக்டர், "இனிப் பொழச்சுக்குவா" என்றார். அப்பா எழுந்து, எனக்கு ஒரு இளநீர் கிடைக்குமா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே சடக்கில் லோரி நின்றிருந்தது. சயாமுக்கு ஆள் குறைந்திருக்கிறது. நடந்து போனவர்களைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். அப்பாவின் விரலில் யாரும் குத்தவில்லை. ரத்தம் பார்க்கவில்லை, பெயர் கேட்கவில்லை. கையும் காலும் இருந்தன, அதுவே போதுமானதாக இருந்தது.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை.

"ஒன்னயக் காட்டப் போயித்தான் ஒங்கப்பன் போனாரு" என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள், எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே. அன்றைக்கே என் விரலைக் கொடுத்திருந்தால் டிரெசரே என்னை அனுப்பியிருப்பார், அப்பா காட்டைவிட்டு வெளியே வந்திருக்கவே வேண்டாம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. கஞ்சியைக் குடித்தேன். சாகும்வரை அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாததால் ஆறிவிடவும் இல்லை.

எனக்கு அடிவயிற்றில் ஒரு குழி இருக்கிறது. மழைக்காலத்தில் இழுக்கும். பாரம் தூக்க முடியாததால் ரப்பர் பாலெடுக்கும் பால்மர வெட்டுக்குப் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டேன், கல்யாணமாகிச் சுங்கைப் பட்டாணிக்கு வந்தேன்.

பல வருஷங்கள் கழித்து என் மகன் குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். அவன் சட்டைகூட மாற்றவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தோம். ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்றார் என் கணவர்.

இளம் டாக்டர் மறுத்தார். "ஆரம்பத்துல சில பிள்ளைங்களுக்கு ஏறாதுங்க. ரத்தத்த மட்டும் நம்ப முடியாது, வயித்தயும் பாக்கணும். இருக்கட்டும், திரும்ப எடுப்போம்."

சில மணி நேரம் கழித்து எடுத்ததில் எண்ணிக்கை ஏறியிருந்தது. வயிற்றிலும் வலி இடம் மாறியிருந்தது. குடல்வால் உடைவதற்கு முன்பே அறுத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு சொட்டு ரத்தம், ஒரு சின்னத் தையல். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் வயிறெரிந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா நாங்கள் அப்படி அழிந்தோம் என்று என் பிள்ளையின் கட்டிலருகே நின்றபோதே எரிந்தது.

"பையன் நல்லாருக்கான். பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்னார். திரும்பிப் பார்த்தேன், கணவரைக் காணோம்.

படியில் இறங்கி வெளி வாசலுக்கு ஓடினேன். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். லோரிகள் போய்க்கொண்டிருந்தன, வெறும் சாமான் லோரிகள். அவர் எதிர்க் கடையிலிருந்து கையில் கோப்பியோடு சாவகாசமாக ரோட்டைக் கடந்து வந்தார். சட்டையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் எங்கே போனீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"புள்ளைக்குத்தான் நல்லாயிருச்சே. இப்ப எதுக்குப் பதறுற?" என்றார்.

நல்லாயிருச்சு என்பதற்காகத்தான் பதறினேன். எங்கள் வீட்டில் பிள்ளை பிழைத்த அன்றுதான் ஆள் போனது.