டீ வேண்டாம் என்ற டைம் கீப்பர்

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் அருணகிரிக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. தனியார் பஸ்கள் எந்த நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி அனுப்பும் டைம் கீப்பர். ஒரு பஸ் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். முன்னால் நிற்கிறவன் காது கேட்காதவன்போல் கண்ணாடியைத் துடைப்பான். கடைசியில் இருவரும் திட்டுவது அருணகிரியைத்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்துவிடுவார். வந்ததும் ஒரு டீ. எட்டு மணிக்குள் இன்னும் மூன்று. எல்லாம் டிரைவர்கள் வாங்கித் தருவது. ‘ஒரு நிமிஷம் நின்னு ஆள் ஏத்திக்கிறேன்’ என்ற வேண்டுகோளும் அந்த டீயோடு சேர்ந்தே வரும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் சோற்றில் கை வைக்கும்போது மணி மூன்றாகிவிடும்.

போன ஆனி மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள். பதினொரு மணிக்கு நிலையத்தில் நிற்க இடமில்லை. அருணகிரிக்கு நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது. அந்த அவசரத்தில் வேட்டவலம் பஸ்ஸுக்கும் பக்கத்துப் பஸ்ஸுக்கும் ஒன்றாகக் கை காட்டிவிட்டார். இரண்டும் பின்னால் நகர்ந்தன. நடுவில் நின்ற பூக்காரி பாஞ்சாலை போட்ட சத்தத்தில்தான் நின்றன. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அருணகிரி அவள்மேல் பாய்ந்தார்.

“நடுவுல வந்து நின்னா இன்னா பண்றது? கண்ணு தெரியல?”

“என் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்க கைய பாருங்க, எப்டி ஆடுதுன்னு” என்றாள் பாஞ்சாலை.

பார்த்தார். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மருத்துவமனையில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் சரி, சர்க்கரை சரி, பிரஷர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரை எழுதித் தந்த டாக்டர், உணவு ஆலோசகர் நந்தினியைப் பார்க்கச் சொன்னார்.

“காலைல இன்னா சாப்டீங்க?”

“டீ.”

“அப்புறம்?”

“டீதாங்க.”

நந்தினி சிரிக்கவில்லை. “பதட்டம் வந்தா உடம்பு உஷாராயிடும், சேத்து வெச்ச சக்கரைய எடுத்து ரத்தத்துல வுடும். வயித்த காயப்போட்டா, சண்டை இல்லாதப்பவும் அது அதே வேலைய செய்யணும். அதுக்கு மேல டீ வேற தூண்டி வுடுது. சாப்பாடு உங்க வேலைய லேசாக்காதுங்க. உடம்பு தாங்கறதுக்கு ஒத்தாசை பண்ணும், அவ்ளோதான்.”

வேலையைத் தொடங்குமுன் இட்லியோ கேழ்வரகுக் கூழோ, பத்து மணிக்கு வேகவைத்த வேர்க்கடலை, ஒரு மணிக்குப் பருப்பும் கீரையும் முட்டையுமாகச் சோறு. டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னாள். அருணகிரி வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. நான்காம் நாள் ஒரு டீ குடித்துவிட்டு, பாஞ்சாலையிடம் போய், “அன்னிக்கு என் தப்புதாம்மா” என்றார். “சரி போங்க” என்றாள் அவள்.

டிரைவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டைம் கீப்பர் டீ வாங்கவில்லை என்றால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். டீ பத்தாதாம், டிபன் கேட்கிறாராம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. செங்கம் பஸ் டிரைவர் வல்லரசு நேராகவே வந்து நின்றான்.

“இன்னாண்ணே, என் மேல கோவமா?”

“கோவம்லாம் இல்லடா. வெறும் வயித்துல குடிச்சா கை ஆடுது. டாக்டரு கம்மி பண்ண சொல்லிட்டாங்க.”

“அப்ப ஒரு நிமிஷம் வேணும்னா?”

“வாய தொறந்து கேளு. முடிஞ்சா தரேன், முடியலன்னா இல்லன்னு சொல்றேன்.”

ஐப்பசியில் இரண்டு டிரைவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப்போன அருணகிரியின் விசில் கயிறு அறுந்தது. எப்போதும்போல நெஞ்சு அடித்துக்கொண்டது, எப்போதும்போலக் கத்தினார். ஆனால் கால் மணி நேரத்தில் படபடப்பு அடங்கிவிட்டது. முன்பெல்லாம் அப்படி ஒரு சண்டையை ஊர் வரைக்கும் சுமந்துபோய், கல்லூரியில் படிக்கும் மகள் கவியாவின் மேல் இறக்கிவைப்பார்.

அடுத்த முறை போனபோது நந்தினி கேட்டாள்: “இப்ப எப்டி இருக்குதுங்க?”

“சண்டை கொறையலைங்க. மாத்திரையும் போட்டுக்கினுதான் இருக்கறேன். ஆனா சாயந்தரம் வீட்டுல பொண்ணு பேசறது காதுல வுழுது.”