சட்டசபைக்குப் போன புருவம்

முயலுக்கு மூக்கு கோணலாகிவிட்டது என்று எந்த முயலும் என் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. மிருகங்களைப் படம் போடுகிற தொழிலில் உள்ள பெரிய சௌகரியம் அதுதான். சிறுவர் பக்கங்களுக்கு யானையும் நரியும் போட்டுக்கொண்டு வில்லியனூரில் நிம்மதியாக இருந்த நான், ஒரு மனிதரை வரைய ஒப்புக்கொண்டேன். "கொஞ்சம் மாத்தினா நல்லா இருக்கும்" என்ற பேச்சைக் கேட்டுத் தூக்கம் கெட்ட தையல்காரர்களே, மேஸ்திரிகளே, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யானை வாங்கிக் கொடுத்த வேலை

பாகூர்ப் பக்கத்தில் ஐயா என்றால் ஒருவர்தான். கரும்பு விவசாயி வீட்டில் பிறந்து, பலமுறை சட்டமன்ற உறுப்பினராகி, அமைச்சராகவும் இருந்து காலமானவர். அவருடைய உருவப்படத்தைச் சட்டமன்ற மண்டபத்தில் வைக்க அனுமதி கிடைத்தது. படத்தை வரைந்து கொடுக்கும் பொறுப்பு ஊர்க்காரர்கள் அமைத்த குழுவுக்கு. குழுத் தலைவர் தணிகாசலம், மதகடிப்பட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஐயாவின் பழைய சிநேகிதர்.

அவர் என்னைத் தேடி வந்ததும், "நான் பொம்மை போடுகிறவன், வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். அவர் அசையவில்லை. "எங்க பேரன் உங்க யானையைப் பார்த்ததும் யானைன்னு கண்டுபிடிச்சிட்டான் சார். அதே மாதிரி எங்க அண்ணி படத்தைப் பார்த்து ஐயான்னு கண்டுபிடிச்சா போதும். அவங்க 'இவருதான்'னு சொன்னாதான் படம் உள்ள போவும்" என்றார். அண்ணி என்றது ஐயாவின் மனைவியை. இது என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். கிளம்பும்போது அவர் வாசலில் நின்று சொன்னார்: "யானையை விட ஐயா சின்ன உருவம்தானே சார், சீக்கிரம் முடிச்சிடுவீங்க."

தலை மட்டும் அசல்

பார்த்து வரைவதற்குப் புகைப்படங்கள் கேட்டேன். கட்டுக் கட்டாக வந்தன, எல்லாம் பேனருக்காக அடித்தவை. எல்லாவற்றிலும் ஐயா சிவப்பாக, வழவழப்பாக, அடர்ந்த முடியோடு சிரித்தார். எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் ஒரே மடிப்பு. இரண்டு மூன்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகு, மதகடிப்பட்டில் அந்த பேனர்களை அடித்த கடைக்கே போனேன்.

கடைக்காரர் ஒளிக்கவில்லை. உடம்பு ஒன்று தயாராக இருக்கிறது. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் தலையை மட்டும் மாற்றுவார். "அப்படியானால் தலையாவது ஐயாவுடையதா?" என்று கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "சத்தியமா ஐயா தலைதான் சார், முடி மட்டும் வேற ஆளுது."

கையில் என்ன கொடுப்பது?

ஒருவழியாக முதல் படத்தைப் போட்டுக் குழுவிடம் காட்டினேன். நிறம் தூக்கல், நிறம் கம்மி, துண்டு வேண்டும், துண்டு வேண்டாம். கடைசியாகச் சோரியாங்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவர் எழுந்தார். ஐயா கரும்பு விலைக்காகப் போராடியவர், ஆகவே கையில் ஒரு கரும்பு வேண்டும் என்றார். உடனே பக்கத்தில் இருந்த நெல் விவசாயி எழுந்தார். தண்ணீர் விடச் சொல்லி ஏரிக்கரையில் உட்கார்ந்தவரும் ஐயாதான், அதனால் மற்றக் கையில் நெற்கதிர்.

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். தணிகாசலம்தான் எழுந்து முடித்து வைத்தார்: "யோவ், அந்தக் கையில கரும்பு, இந்தக் கையில கதிருன்னா அது பொங்கல் வாழ்த்து அட்டைய்யா!"

பார்வை எந்தப் பக்கம்?

அடுத்து, ஐயா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற பிரச்சினை. மண்டபத்தில் ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறுபக்கம் எதிர்க்கட்சி. ஐயாவோ இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர். குழுவிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பது போல் கண்களை வரைய முடியும் என்றேன். அதுதான் தப்பாகப் போயிற்று. எந்தப் பக்கத்துக்காரருக்கும் ஐயா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதில் சம்மதமில்லை. கூடிப் பேசி ஒரு முடிவோடு வந்தார்கள்: "நேராவே பாக்கட்டும் சார், ஆனா யாரையும் பாக்கக் கூடாது."

யாரு இது?

படத்தை மண்டியின் மினி லாரியில் ஏற்றி, கிருமாம்பாக்கத்தில் ஐயாவின் வீட்டுக்குக் கொண்டு போனோம். தணிகாசலத்துக்கு அண்ணி, எனக்கு அம்மா. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். தள்ளிப் போயும் பார்த்தார்.

"நல்லா இருக்காரு. யாரு இது?"

தணிகாசலத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "இன்னா அண்ணி இப்படிக் கேக்குறீங்க? நம்ம ஐயா!"

"உங்க ஐயாவா இருக்கும். எங்க வூட்டுக்காரரு இல்ல."

வழுக்கையைப் போட்டு, நிறத்தைக் குறைத்து, பேனர் கடை துடைத்த சுருக்கங்களை எல்லாம் திரும்பக் கொண்டு வந்தேன். மறுபடி போனோம். மறுபடி "யாரு இது?" எது சரியில்லை என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திறப்பு விழா அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. பொறுமை இழந்த தணிகாசலம், இன்னொரு முறை பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் பேனர் போட்டோவையே பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். அம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் சொன்னார்: "ஆயுசு பூரா அந்தச் சபைக்குப் போனாரு, என்னை ஒருநாளும் இட்டுகினு போனதில்ல தம்பி. இப்ப நான் போய்ப் பாக்குறப்ப அங்க வேற எவனோ தொங்கக் கூடாது."

நண்டிடம் நலம் விசாரித்த நரி

மூன்றாவது முறை போனபோது தணிகாசலம் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து தூரிகையை எடுத்தபோது, அந்த வாரத்துச் சிறுவர் பக்கம் கீழே விழுந்தது. வயல் வரப்பில் ஒரு நரி, வளையில் இருக்கும் நண்டிடம் அன்பாக நலம் விசாரிக்கும் படம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நரி புளுகுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. வாய் சிரிக்க வேண்டும், இடது புருவம் மட்டும் ஏற வேண்டும்.

அம்மா குனிந்து அதை எடுத்தார். பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "இதோ இருக்காரே! கட்சிக் கூட்டம்னு சொல்லிட்டுக் கடலூர்ல சினிமா பாத்துட்டு வருவாரு. எந்த ஊர்ல கூட்டம்னு கேட்டா இந்தப் புருவம்தான் ஏறும்."

நான் படத்தில் ஐயாவின் இடது புருவத்தை ஒரு நெல்மணி அளவு உயர்த்தினேன். அம்மாவின் சிரிப்பு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்: "வந்துட்டியா? எந்த ஊர்ல கூட்டம்?"

திறப்பு விழா

புருவத்தின் கதை தணிகாசலத்துக்குத் தெரியாது. அண்ணி ஒத்துக்கொண்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னா கம்பீரம் பாருங்க சார்" என்று போவோர் வருவோரை எல்லாம் பிடித்துக் காட்டினார்.

மண்டபத்தில் திரை விலகியது. பேசியவர் ஒவ்வொருவரும் அந்தப் பார்வையைத்தான் புகழ்ந்தார்கள். நேர்மையின் பார்வை என்றார் ஒருவர். உண்மையைத் தவிர வேறு அறியாத முகம் என்றார் இன்னொருவர். முன்வரிசையில் அம்மா புதுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றிலும் இருந்த நாற்காலிகளையும் ஒலிபெருக்கிகளையும் ஆசை தீரப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "இப்பதான் தம்பி, சபையில எழுந்து பேசுற மாதிரியே இருக்குது."

ஆகவே என் கட்சிக்காரர்களே, உங்களுக்கும் ஒரு பெரிய மனிதரை வரையும் வேலை வந்து மாட்டினால், அவர் பேச்சுக்குக் கைதட்டியவர்களை விட்டுவிட்டு, அவர் சொன்ன பொய்யை ஒருநாளும் நம்பாத ஒருவரிடம் படத்தைக் கொண்டு போய்க் காட்டுங்கள்.