அப்பா ஓட்டிய குதிரை வண்டி

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் பி.காம். படித்தவர் ஓய்வு பெற்றால் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பார், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார். என் அப்பா குதிரை வாங்கினார்.

அவர் ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மேனேஜர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர் என்று முதலாளிக்கே அவரிடம் கொஞ்சம் பயம். ஓய்வுக்குப் பிறகும் வந்துபோகச் சொன்னார்கள், அப்பா கேட்கவில்லை. அதுவரை அவர் வேலைக்குப் போய்வந்த குதிரை வண்டி விலைக்கு வந்தது. குதிரையோடு வாங்கி, ரயிலடியில் வாடகைக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார்.

“இம்புட்டு வருசமும் பின்னாடி உக்காந்தே போயிட்டேன். இனிமே நானே ஓட்டிப் பாக்குறேன்.”

அம்மா கொதித்துப் போனாள். “கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கிறா. அப்பன் வண்டிக்காரன்னா எவன் வருவான்? என் உசுரே போனாலும் அந்த வண்டியில ஏற மாட்டேன்.”

அந்தப் பெண் நான்தான். எனக்கும் அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

குதிரை வண்டியில் பின்பாரம் கூடினால் குதிரைக்குக் கஷ்டம். அதனால் ஏறுகிறவர்களை வண்டிக்காரர்கள் கெஞ்சிக் கொஞ்சி முன்னால் நகரச் சொல்வார்கள். அப்பாவுக்குக் கெஞ்ச வராது. “முன்னால தள்ளி உக்காருங்க” என்று மேனேஜர் குரலில் ஒரு அதட்டல். ஏறியவர்கள் குமாஸ்தாக்களைப் போல நகர்ந்துவிடுவார்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று வண்டியை வெளியே எடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் சொல்லிவைத்த வாடகைக் கார் வரவே இல்லை. ரயில் வரும் நேரம்.

“நீங்களே போயி கூட்டியாங்க. யாருன்னு மட்டும் சொல்லாதீக. கொல்லைப்பக்கமா வந்து சட்டையை மாத்திக்கிடுங்க.”

அப்பா அப்படியே செய்தார். வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா நல்ல கனத்த உடம்புக்காரர். ஜமுக்காளத்தில் சுவரோரமாக உட்கார்ந்ததும் முறையிட்டார்.

“ஏனுங்க, உங்க ஊரு வண்டிக்காரரு என்ன அதட்டு அதட்டறாருங்க!”

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா உள்ளேயிருந்து வந்து கும்பிட்டார். வந்தவர் அப்பாவையே உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இங்கியும் முன்னால வரோணுங்களா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் முடிந்து நான் கிளம்பிய நாளில், என்னையும் என் கணவரையும் ரயிலடிக்கு அப்பாதான் ஏற்றிப் போனார். வாசலிலேயே விடைகொடுத்த அம்மா, வண்டி அசைந்ததும் “செத்த நில்லுங்க” என்றாள். ஓடிவந்து ஏறிப் பின்நுனியில் உட்கார்ந்தாள்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. “முன்னால தள்ளி உக்காரு.”

அம்மா நகர்ந்தாள். குதிரைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே நகர்ந்து, அப்பாவின் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.