நான் நிரப்பச் சொன்ன படிவம்

என் மனைவி அன்று மாலை பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு விண்ணப்பப் படிவங்களைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஒன்று சிறப்புக் கல்வியில் ஓராண்டுச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு. மற்றது அதே துறையில் நான்காண்டுப் பட்டப் படிப்புக்கு. முதல் படிவத்தில் தன் பெயரை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். இரண்டாவதைத் தலைமையாசிரியர் சேர்த்துக் கொடுத்தார் என்பதற்காக மட்டுமே எடுத்து வந்திருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிள்ளானில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் சம்பளப் பிரிவில் குமாஸ்தா. அவள் காப்பார் பக்கம் ஒரு தமிழ் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை.

அவளுக்கு அந்தப் பயிற்சி எதற்கு என்பது எனக்குத் தெரியும். முதலாம் ஆண்டு வகுப்பில் அவளிடம் ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்திருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு பெண்ணின் மகள். பேசாது, கேட்டதற்குப் பதில் சொல்லாது. மற்ற ஆசிரியர்கள் மக்கு என்று கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் இரும்பு அடிக்கோல் விழுந்தபோது வகுப்பே திரும்பியது, அந்தப் பிள்ளை மட்டும் திரும்பவில்லை. ஆனால் வெளியே பழ லோரி போனால் மேசை அதிரும். அப்போது சட்டென்று சன்னலைப் பார்க்கும். காது கேட்காத பிள்ளை அது. அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகு, பஸ் வரும்வரை, அதன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஒலியாகச் சொல்லிக்கொடுத்தாள். நான்கு மாதத்தில் அந்தப் பிள்ளை ‘அம்மா’ என்றது. அன்று வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி, எங்கள் மகள் பிறந்தபோதுகூட இருந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

“இதுக்கு மேல எப்படிச் சொல்லிக்குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலங்க. ஒரு வருஷம் போய்ப் படிச்சிட்டு வந்தா போதும். திரும்ப நம்ம ஸ்கூலுக்கே வந்துருவேன்” என்றாள்.

நான் இரண்டு படிவங்களையும் படித்தேன். நாள் முழுவதும் அடுத்தவர்களின் சம்பளப் படியை எழுதிப் பார்த்துப் பழகிய மூளை எனக்கு. ஒரு மனிதனைப் பார்த்தால் அவனுடைய அடுத்த ஊதிய உயர்வு எந்த மாதம் என்றுதான் முதலில் நினைப்பேன். ஓராண்டுப் பயிற்சிக்குச் செலவு குறைவு, ஆனால் முடித்து வந்தாலும் சிறிய அலவன்ஸ் ஒன்றுதான் கூடும். பட்டப் படிப்பு என்றால் நான்கு வருடம் சம்பளமில்லா விடுப்பு, கட்டணம், அறை வாடகை. ஆனால் முடித்தால் பட்டதாரி ஊதியப் படி. ஓய்வு பெறும்வரை, ஓய்வூதியத்திலும் அது தொடரும். ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்து அவளிடம் காட்டினேன்.

“சர்ட்டிபிகேட்ட வச்சி என்னா செய்யப்போற? டிகிரின்னா கிரேடே மாறும்லா. அந்தப் பிள்ளைங்களுக்கும் நீ இன்னும் நல்லாச் சொல்லிக்குடுக்கலாம்.”

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. “டிகிரி முடிச்சா திரும்ப நம்ம ஸ்கூலுக்குப் போடுவாங்களா?” என்று ஒன்றைத்தான் கேட்டாள்.

“போடாம? உன்னை மாதிரி ஆளு அவங்களுக்கு வேற எங்க கெடைக்கும்?” என்றேன்.

அவள் அன்றே முடிவு சொல்லவில்லை. மறுநாள் மதிய உணவு நேரத்தில், கல்வி இலாகாவில் வேலை பார்த்த ஒரு பழக்கக்காரரைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். கேட்டேன். அவர் ரசத்தைக் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “டிகிரிக்காரங்களுக்கு ஆரம்பப் பள்ளியில போஸ்ட் இல்ல லா. செகண்டரிக்குத்தான் அனுப்புவாங்க. அங்கயும் ஸ்பெஷல் கிளாஸ் எல்லா இடத்துலயும் கெடையாது.” நான் அவருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மறதியால் அல்ல. சொன்னால் அவள் ஓராண்டுப் படிவத்தையே எடுப்பாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் இரண்டாவது படிவத்தை நிரப்பினாள். பேனாவை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

போவதற்கு முன் அந்தப் பிள்ளையின் தாயைப் பார்க்கக் காப்பாருக்குப் போனாள். நான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். தாய் பயந்துபோய்க் கேட்டாள். “நீங்க இல்லாட்டி இது எப்படி டீச்சர் ஸ்கூலுக்குப் போவும்?” என் மனைவி அவள் கையைப் பிடித்து, “நாலு வருஷம்தான். வந்துருவேன். அதுவரைக்கும் நிறுத்திறாதீங்க” என்றாள். நான் மோட்டாரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நான்கு வருடத்தில் எங்கள் வீடு எப்படி ஓடியது என்று நினைத்தால் இப்போதும் வியப்பு. வார நாட்களில் அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்கி, இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனாள். மகளுக்குச் சடை பின்ன நான் கற்றுக்கொண்டேன். முதல் சில மாதங்கள் பிள்ளை கோணல் வகிடோடுதான் பாலர் பள்ளிக்குப் போனது. மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் பிள்ளை வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், படிப்பு முடியட்டும் என்றேன். முடிந்தபோது, இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை பழைய பள்ளிச் சக ஆசிரியை ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தி ஏழெட்டு மாதம் ஆகிவிட்டதாம். துணிப்பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, “நான் போவலங்க. படிப்ப நிறுத்திக்கிறேன். இப்ப நம்ம ஸ்கூலுக்குப் போனாலும் அதைத் திரும்பக் கூப்பிட்டுறலாம்” என்றாள். அன்று இரவு முழுவதும் பேசி அவளை மாற்றினேன். பாதி தூரம் வந்துவிட்டோம், போட்டதெல்லாம் வீண் என்றேன். திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட்டேன். அவள் திரும்பி வர இருந்த ஒரே வாய்ப்பையும் அடைத்தவன் நான்.

பட்டம் வாங்கிய பிறகு பணியிட ஆணை வந்தது. டெங்கில் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளி. பாடம், புவியியல். அவள் அந்தக் கடிதத்தை இருமுறை படித்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மகளின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். மனு எழுதினாள், நேரில் போய்க் கேட்டாள், மறுபடியும் எழுதினாள். ஆரம்பப் பள்ளியில் பட்டதாரிக்கு இடம் இல்லை, இங்கே சிறப்பு வகுப்பு இல்லை, இந்த இரண்டு பதில்களையும் விதவிதமான தாள்களில் வாங்கி வந்தாள்.

வேலையில் சேருமுன் காப்பாருக்குப் போக வேண்டும் என்றாள். தோட்டத் தொழிலாளர் வரிசையில் அதே லயத்து வீடு. தாய் மட்டும் இருந்தாள். எங்களை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். பிள்ளை எங்கே என்று மனைவி கேட்டாள்.

“கோலாலம்பூர்ல ஒரு வீட்டுல வேலைக்கி நிக்குது டீச்சர். ஊமைப் பிள்ளைன்னா எதுத்துப் பேசாது, வீட்டு விஷயம் வெளிய போவாதுன்னு அந்தம்மாவே வந்து கேட்டுக் கூட்டிப்போனாங்க.”

அந்தப் பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

“முன்ன அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல” என்றவள், ஏதோ நினைவு வந்தவளாக, “டிகிரி முடிச்சிட்டீங்களா டீச்சர்? ரொம்ப சந்தோஷம்” என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மனைவி அந்த வீட்டின் விலாசம் கேட்டாள். தாய்க்குத் தெரியவில்லை. அந்தம்மாவே மாதம் ஒருமுறை காரில் வந்து சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போவாளாம்.

மனைவி கடைசிவரை புவியியல் கற்பித்தாள். மழைக்காடுகளைப் பற்றியும் காற்றின் திசைகளைப் பற்றியும், நன்றாகவே கற்பித்தாள் என்று சொல்வார்கள். என் காகிதத்தில் இருந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. கிரேடு மாறியது. அடகு நகை மீண்டது. கிள்ளானிலேயே சொந்தமாக ஒரு தெரஸ் வரிசை வீடு வாங்கினோம். பாடத் தலைவி ஆனாள். என் அலுவலகத்தில், சம்சாரத்தை டிகிரி படிக்க வைத்தவன் என்று புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்கள். நான் சிரித்துக்கொள்வேன். பட்டப் படிப்பின் புத்தகங்களை அவள் ஒருநாள் பழைய பேப்பர்காரனிடம் போட்டாள்.

அவள் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் கழித்து, ஒரு பிற்பகல், சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கும் வயதாகிவிட்டது, மனத்தில் வைத்துக்கொண்டு போக முடியாது என்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

“அந்த டிகிரி விஷயம். நான் முன்னாடியே ஒருத்தர்கிட்ட கேட்டு வச்சிருந்தேன். செகண்டரிக்குத்தான் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“போஸ்டிங் லெட்டர் வந்தன்னிக்கி உங்க மூஞ்சியப் பாத்தேன். ஆச்சரியமே இல்ல.”

இத்தனை வருடம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். “அப்பவே ஏன் என்னைக் கேக்கல?” என்றேன்.

“கேட்டா என்னா சொல்லியிருப்பீங்க? நம்ம குடும்பத்துக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லியிருப்பீங்க. அதை வேற நான் கேக்கணுமா?”

ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அவள் எழுந்து போனாள். குழாயைத் திறந்து அலசும் சத்தம் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த நிமிடத்தில் நான் சொல்ல வாயெடுத்ததும் அதே வார்த்தைகளைத்தான்.