மாப்பிள்ளை காருக்கு ஒரு ஆல்டர்னேட்டர்

போன சனிக்கிழமை மாலை, கிள்ளானில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு காரைத் தள்ளினேன். காருக்குள் மாப்பிள்ளை இருந்தார். மாலையும் கழுத்துமாக.

பார்த்தவர்கள் பலர். இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களும் அதில் உண்டு போலிருக்கிறது. "டீச்சர், அது நீங்கதானே?" என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான்தான். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என் சேலையில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் ஏறிவிடும்.

அப்பாவிடம் ஒரு கார் இருக்கிறது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த இங்கிலீஷ் கார். பால் நிறம். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, யார்டில் வேலை பார்த்த அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அப்பா அதை மாப்பிள்ளை காராக்கிவிட்டார். சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, எத்தனையோ மாப்பிள்ளைகளை மண்டபத்தில் இறக்கியிருக்கிறது. அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை ஊர்வலம் உங்களுக்குத் தெரியும். முன்னால் நாதஸ்வரம், மேளம். பின்னால் கார். கார் மேல் சீரியல் பல்பு. நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகம்தான் காரின் வேகம். அவருக்கு உற்சாகம் வந்து நின்று வாசித்தால் — காரும் நிற்கும்.

வம்பு அங்கேதான். பழைய காரில் மின்சாரம் தருவது ஜெனரேட்டர். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது பேட்டரிக்கு ஏதாவது கொடுக்கும். ஊர்ந்து போனால் பேட்டரியிலிருந்து எடுப்பது மட்டும்தான் நடக்கும்.

போன தை மாதம் பிரிக்பீல்ட்ஸில் அப்படித்தான் ஆயிற்று. பல்பெல்லாம் மஞ்சளாகி, பழுப்பாகி, மண்டப வாசலில் சரியாக அணைந்துபோயின. மாப்பிள்ளையின் அத்தை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நல்ல காரியத்துல வெளக்கு அணைஞ்சிருச்சே."

அவ்வளவுதான். அந்த வாக்கியம் அப்பாவின் கார் வீடு திரும்புவதற்குள் கிள்ளான் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லாரும் ஏர்கோன் போட்ட புதுக் கார் பக்கம் போய்விட்டார்கள். யார்டு வேலையும் முடிந்துவிட்ட அப்பா, தினமும் காலையில் காரைத் துடைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவருடைய யார்டுக் கூட்டாளி ஒருவர், பழக்கத்துக்காக, தன் மகன் தியாகுவின் கல்யாணத்துக்குக் கேட்டார்.

"இதுலயும் வெளக்கு அணைஞ்சா இரும்புக் கடைக்குத்தான்," என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இங்கேதான் நான் நுழைகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் அதை முடித்தும் காட்டியவள் நான். நான்காம் படிவத்துக்கு அறிவியல் நடத்துகிறேன். இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. பாருங்கள், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

"ஜெனரேட்டர எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போடுங்கப்பா," என்றேன்.

"வரும்போதே அதோடதான் வந்துச்சு."

"நானும் வரும்போது பல்லில்லாமத்தான் வந்தேன்."

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

வகுப்பில் விளக்குவதுபோலவே விளக்கினேன். "ஜெனரேட்டர் நம்ம தம்பி மாதிரி. வெரட்டுனாத்தான் வேலை செய்யும். ஆல்டர்னேட்டர் அம்மா மாதிரி. உக்காந்திருக்கிறப்பவும் கை எதையாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கும். நீங்க எவ்வளவு மெதுவா போனாலும் பல்பு மங்காது."

தம்பி முறைத்தான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "டீச்சரம்மா சொல்றது சரியாத்தானே இருக்கு," என்றார்.

அப்பா ஒத்துக்கொண்டார். சுங்கை வேயில் வயர்மேன் செல்வம் அண்ணன், உடைத்துப்போட்ட ஒரு ஜப்பான் காரிலிருந்து எடுத்த ஆல்டர்னேட்டரை மாட்டிக் கொடுத்தார். "நல்ல சாமான் டீச்சர். கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம் லா," என்றார். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திய இடத்திலேயே பல்பெல்லாம் போட்டுப் பார்த்தோம். கண் கூசியது. அந்தத் தெம்பில் இருபது பல்பு இருந்த இடத்தில் அறுபது போடச் சொன்னேன். அதுவும் என் யோசனைதான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. கிள்ளானில் கோயில் வாசல். கார் தகதகவென்று நின்றது. தியாகு தயார். நாதஸ்வரக்காரர் தயார். தாய்மாமனை மட்டும் காணோம்.

தாய்மாமன் மாலை போடாமல் மாப்பிள்ளை காரில் ஏறக்கூடாது. தாய்மாமனோ காஜாங்கிலிருந்து வரவேண்டும். நடுவில் ஃபெடரல் ஹைவே. சனிக்கிழமை ஃபெடரல் ஹைவேயைப் பற்றி நான் என்ன சொல்ல...

காத்திருந்தோம். காரின் புகை பெண்கள் பக்கம் போயிற்று. "டீச்சர், எஞ்சின அடைக்கச் சொல்லுங்க, சேலையெல்லாம் வாடை," என்றார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

"எஞ்சின அடைச்சா பல்பையும் அடைக்கணும்மா," என்றார் அப்பா.

"போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்கப்பா. அதான் ஆல்டர்னேட்டர் இருக்கே. அஞ்சு நிமிஷம்தானே."

எஞ்சின் ஓடாதபோது ஆல்டர்னேட்டர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. வெறும் இரும்பு. என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் பெரிதாகத் தப்பு போட்டிருப்பேன். ஆனால் அந்த மாலை சொன்னது மாணவன் இல்லை.

அந்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாயிற்று. தாய்மாமன் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். மாலை போட்டார், மோதிரம் போட்டார். மாப்பிள்ளை ஏறினார். அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை திருப்பினார். அந்த 'டக்'கும் இல்லை. தலைக்கு மேல் அறுபது பல்பும் பிரிக்பீல்ட்ஸ் பழுப்புக்கு வந்திருந்தன.

அப்பா சட்டென்று பல்பு சுவிட்சை அடைத்தார். "இன்னும் வெளிச்சம் இருக்கே, அப்புறம் போட்டுக்கலாம்," என்று சத்தமாகச் சொன்னார். பிறகு மெதுவாக, "தம்பிங்களா, கொஞ்சம் தள்ளுங்க," என்றார். அவர் பயப்படவில்லை. இந்தக் கார் படுத்துக்கொள்வதும், நாலு பேர் தள்ளினால் எழுந்து ஓடுவதும் புதிதா என்ன?

தியாகுவின் கூட்டாளிகள் பத்துப் பேர் தள்ளினார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் கார் குலுங்கியதே தவிர எஞ்சின் பேசவில்லை. அப்பா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கம் நினைவுக்கு வந்தது. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று நானே தாண்டிவிடுகிற பக்கம். ஜெனரேட்டருக்குள் கொஞ்சம் காந்தம் எப்போதும் தங்கியிருக்கும். சுற்றிவிட்டால் தானாகவே மின்சாரம் வரும். ஆல்டர்னேட்டர் அப்படியில்லை. அதை எழுப்பவே பேட்டரியிலிருந்து முதலில் கொஞ்சம் மின்சாரம் போகவேண்டும். பேட்டரி செத்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் எழுந்திருக்காது.

அம்மாவுக்கும் அப்படித்தானே. காலையில் ஒரு வாய் காப்பி உள்ளே போனால்தான் கை ஓடும். அதை எப்படி மறந்தேன்? தம்பி பரவாயில்லை... தள்ளினால் எழுந்துவிடுவான்.

"நான் எறங்கி நடந்துடறேன்," என்றார் மாப்பிள்ளை.

"மாலை போட்டாச்சு. கால் ரோட்டுல படக்கூடாது," என்றார் தாய்மாமன்.

"ஏழரைக்குள்ள மண்டபத்துல இருக்கணும்," என்றது ஒரு குரல். வேறு கார் தேடவும் நேரமில்லை. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்தில் இரும்புக் கடை தெரிந்தது.

வழி சொன்னவர் நாதஸ்வரக்காரர். "நாங்க எப்படியும் நடக்கத்தானே போறோம் அண்ணே. பின்னாலயே தள்ளிக்கிட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

தள்ளினோம். பத்துப் பேரோடு தாய்மாமனும் சேர்ந்துகொண்டார். குற்றவாளிகளில் ஒருவர் அவர். இன்னொருவர் நான் — கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடது பக்க மட்கார்டைப் பிடித்தேன். முன்னால் மங்கள இசை. பின்னால் எங்கள் மூச்சிரைப்பு. உள்ளே மாப்பிள்ளை இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்கு முன்னால் ரோடு இறக்கம். நாங்கள் கையை எடுத்த பிறகும் கார் போய்க்கொண்டிருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். அது பெயருக்குத்தான் பிடித்தது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வேகமான மல்லாரியைக் கிள்ளான் அதற்குமுன் கேட்டிருக்காது. மேளக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார். கார் மண்டப வாசலில், கோலத்துக்கு ஒரு சாண் முன்னால், பெருமூச்சோடு நின்றது. மணி ஏழு இருபத்தைந்து.

ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார். அவர்கள் நடுவில் — அந்தப் பிரிக்பீல்ட்ஸ் அத்தை. இந்தப் பெண்ணுக்கும் ஏதோ சொந்தமாம்.

"என்னா இது, தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் தாய்மாமன், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே முந்திவிட்டார். "எங்க பக்கத்து மரியாதை ஆன்டி. மாப்பிள்ளைய எஞ்சின் இழுத்துக்கிட்டு வரக்கூடாது. சொந்தக்காரங்கதான் கொண்டு வரணும்."

அத்தை யோசித்தார். வியர்வையில் நனைந்த பன்னிரண்டு பேரைப் பார்த்தார். என் சேலையைப் பார்த்தார். "அதான் பொகை இல்ல, சத்தம் இல்ல. நாதஸ்வரம் எவ்வளவு தெளிவா கேட்டுச்சு," என்றார்.

அவர் சொன்னால் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு குடும்பங்கள் அப்பாவைத் தேடி வந்துவிட்டன. "அந்தத் தள்ளிக்கிட்டு வர்ற கார்தான் வேணும் அண்ணே. ஆளுங்கள நாங்க கூட்டிட்டு வந்துடுறோம்."

அப்பா காரைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, இப்ப சொல்லுங்க. ஜெனரேட்டரா, ஆல்டர்னேட்டரா?"

"எது வேணும்னாலும் இருக்கட்டும்பா," என்றேன். "மொதல்ல பிரேக்க மாத்துங்க."