இரண்டு கிலோ திருத்தம்

இங்கே கையிருப்பில் இல்லாத மருந்தை ஒரு நோயாளி தன் சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். மருத்துவரின் சீட்டை இணைத்து விண்ணப்பித்தால் அனுமதி வழங்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த 'லாம்' எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது. நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் ஃப்ளாட். மகள், மருமகன், அவள், நான். ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று முதலில் சொன்னவன் நான்தான். ஸ்கேனில் மூளைக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருந்தது.

அறுவை செய்ய வேண்டிய டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். "ஓரத்துல கட்டி எது, மூளை எதுன்னு கண்ணுக்குப் பிரிச்சுத் தெரியாது. கூட எடுத்தா கை கால் போகும். குறைச்சு எடுத்தா திரும்ப வளரும். ஒரு மருந்து இருக்கு. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னாடி தண்ணியில கலக்கிக் குடிக்கணும். நீல வெளிச்சத்துல பார்த்தா கட்டி மட்டும் இளஞ்சிவப்பா ஒளிரும். குழந்தைங்களுக்கு எல்லாக் கட்டியும் ஒளிரும்னு சொல்ல முடியாது. இருந்தா எனக்கு உதவி." மருத்துவமனையில் இருப்பு இல்லை, நோயாளியின் பெயரில் அனுமதி வாங்கினால் வரவழைத்துத் தருவோம் என்றார். நான்கு வாரம் காத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

அந்த மருந்தைக் குடித்தவர்கள் ஓரிரு நாள் வெயிலும் பலத்த வெளிச்சமும் படாமல் இருக்க வேண்டுமாம். அன்று மாலையே பட்டாபிராம் கடைத்தெருவில் கறுப்புத் துணி எடுத்து, அவள் அறை ஜன்னலுக்கு இரட்டைத் திரை தைக்கக் கொடுத்தேன். எதையும் முன்கூட்டியே செய்து வைப்பது என் வழக்கம்.

மருமகன் மடிக்கணினியில் அரை மணி நேரத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். எடை முப்பத்தொன்று. இணைப்புகளை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். குறை சொல்ல எதுவும் இல்லாதது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூளை வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதில் பசி எடுத்து, முகம் உப்பி, இரண்டாவது வாரப் பரிசோதனையில் பேத்தி முப்பத்துமூன்று கிலோ இருந்தாள். நர்ஸ் அதைச் சீட்டில் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தின் நகலை எடுத்து, அதிலிருந்த முப்பத்தொன்றின் கீழே கோடு போட்டேன்.

"ரெண்டு கிலோதானே மாமா, விடுங்க" என்றான் மருமகன்.

"எடைக்குத் தகுந்த அளவுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. அனுமதியில ஒரு எடை, சீட்டுல ஒரு எடைன்னு விமான நிலையத்துல சரக்கை நிறுத்தி வச்சா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"இதுக்கெல்லாமா அவங்களைத் தொந்தரவு பண்ணுவாங்க?"

விண்ணப்பம் அனுப்பிய இணையதளத்தில் திருத்தம் செய்ய வழி இல்லை. திரும்பப் பெற வழி இருந்தது. திரும்பப் பெற்று, சரியான எடையோடு புதிதாக விண்ணப்பித்தேன். முந்தையதை ஏன் திரும்பப் பெற்றோம் என்று ஒரு பக்கத்தில் விளக்கமும் இணைத்தேன். அதைவிட நல்ல கடிதம் நான் பணியில் இருந்தபோதுகூட எழுதியதில்லை.

மூன்றாவது வாரம் பரிசோதனைக்குப் போனபோது வார்டில் ஒரு வெள்ளானூர்க்காரர் அறிமுகமானார். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. அவர் மகளுக்கும் இதே போல் கட்டி, இதே மருந்து, இதே டாக்டரம்மா. முந்தின நாள்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது.

"உங்களுக்கு அனுமதி எப்போ வந்தது?"

"எட்டே நாள் சார். ஆவடில கம்ப்யூட்டர் கடைல குந்திகினு போட்டேன். எடை இன்னான்னு கேட்டான். முப்பதுன்னு போடுப்பான்னேன்."

"சரியா எவ்வளவு?"

"யாருக்குத் தெரியும்? வந்த பாட்டில்ல பாதி மருந்தைப் பொண்ணுக்குக் குடுத்துட்டு மீதியக் கீழ கொட்டிட்டாங்க. ஒரு பாட்டில்னா பெரியாளுக்கே போதுமாமே. உங்க பேத்திக்கு இன்னும் வர்லியா? இன்னா சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை.

மறுநாள் அனுமதி தரும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். "சார், முதல் ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கு. அன்னைக்கே நீங்களே திரும்ப வாங்கிட்டீங்க. இப்ப புது நம்பர்ல வரிசையில இருக்கு." விதிவிலக்காக முன்னுரிமை தர முடியுமா என்று கேட்டேன். "எழுதிக் குடுங்க சார், பார்க்கலாம்" என்றார். அதே வாக்கியத்தை அதே குரலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எழுதிக் கொடுத்தேன்.

நான்கு வாரம் முடிந்தது. பேத்திக்குப் பார்வை இரட்டையாகத் தெரிய ஆரம்பித்ததும் டாக்டரம்மா காத்திருக்கவில்லை. சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் ஏழு மணி நேரம். வெளியே வந்து, "கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்துட்டேன்" என்றார். அதற்குப் பின் எடுத்த ஸ்கேனில், ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அந்த மருந்து இருந்திருந்தா அது தெரிஞ்சிருக்குமான்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது" என்றார் என்னைப் பார்த்து. மகளும் மருமகனும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் கஷ்டம்.

பிறகு கதிர்வீச்சு. ஒவ்வொரு நாளும் போய் வந்ததும் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று பேத்தி படுத்துக்கொள்வாள். கறுப்புத் திரைகள் அதற்குப் பயன்பட்டன.

அப்படி ஒரு மதியம் அனுமதி மின்னஞ்சலில் வந்தது. ஒரு பாட்டில், நோயாளியின் எடை முப்பத்துமூன்று கிலோ. ஒரு பிழை இல்லை. அச்செடுத்து அவள் அறையில் உட்கார்ந்து படித்தேன்.

"என்ன தாத்தா லெட்டர்?"

"உன் எடையைப் போட்டிருக்காங்க."

"எவ்வளவு?"

"முப்பத்துமூணு."

"தப்பு. இப்ப இருபத்தொம்பது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

திருத்தவில்லை. பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில், மேல் மூலையில் எழுதினேன்: வரப்பெற்ற நாள், செப்டம்பர் 19.